கரகத்துக்குக் கேட்ட தண்ணீர்

ஈச்சமலைத் தோட்டம்,
கீழ்க்கணக்கு,
நமுனுகுல.
27.04.2006

அன்புள்ள தம்பி ஜெயரூபனுக்கு,

அக்கா இராக்கம்மா எழுதுவது. கொழும்பில் நீயும் சுலோஜனாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் மச்சானும் இருக்கிறோம். சுகமாக என்று எழுதக் கை வரவில்லை.

மதுஷாவின் கருமாதி போன வெள்ளிக்கிழமை முடிந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து லயத்து வீட்டு ஆள் ஒருவரை நிற்க வைத்தோம். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.  உன் மச்சான் இப்போது யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

தம்பி, உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன் கம்பெனி மேலே ஓடையை மறித்துக் குழாயில் தண்ணீரைக் கொண்டுபோய் கரண்ட் எடுக்கத் தொடங்கின நாளிலிருந்து எங்கள் பக்கத்து ஓடை காய்ந்து கிடக்கிறது. அங்கங்கே குட்டை. அதில்தான் துவைக்கிறோம், குளிக்கிறோம். சவர்க்கார நுரையும் செத்த மீனும் சேர்ந்து நாறும். அம்மன் திருவிழாவுக்குக் குடத்தில் தண்ணீர் மொண்டு அலங்கரித்துக் கரகம் பாலிக்கிற இடமும் அந்த ஓடைதான். கோயில் தலைவர் என்பதால் உன் மச்சான் பவர்ஹவுசுக்குப் போய்க் கேட்டார். "வெள்ளிக்கிழமை சாயந்தரம் கரகம் பாலிக்கணும், தண்ணி வேணும். ஓடை நாறுதுங்க, அம்மா எறங்குற எடம், கொஞ்சம் கழுவி விடுங்க" என்றார். சரி என்றார்கள்.

வியாழக்கிழமை காலையிலேயே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை. என் பிள்ளை அப்பாவின் மஞ்சள் வேட்டியைக் குட்டையில் அலசிக்கொண்டிருந்தாள். பாலத்துக்கு அடியில்தான் அவளை எடுத்தோம்.

கோயில்காரர் கழுவச் சொன்னார், அதனால்தான் ஒரு நாள் முன்னாலேயே திறந்தோம் என்று கம்பெனி ஆள் பொலிசில் சொல்லிவிட்டான். லயமே அதை நம்புகிறது. "கேட்டவரு வீட்டுலயே அம்மா காவு எடுத்துக்கிட்டா" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேசுகிறார்கள். உன் மச்சானும் நம்புகிறார். திருவிழாவுக்குக் கையில் கட்டியிருந்த காப்பை அவரே அறுத்து எறிந்துவிட்டார். சோறு வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மேலே மதகு பார்க்கிற தம்பையா அண்ணன் வந்து வேறு மாதிரி சொன்னார். "இராக்கு, கோயிலுக்குன்னு என்கிட்ட எவனும் சொல்லல. வெள்ளக்காரங்க வேன் எல்ல டவுனத் தாண்டிருச்சு, ஓடையில தண்ணி ஓடுற மாதிரி இருக்கணும், தொறடான்னு போன் வந்துச்சு." இதை மச்சானிடம் சொன்னேன். "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வேனை ஓட்டி வந்தது நீ. நீ சொன்னால் மச்சான் நம்புவார். வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. வர முடியாவிட்டால் எழுது, வாசித்துக் காட்டுகிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா இராக்கம்மா

*

வத்தளை
25.05.2006

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடல்நிலையை நினைத்துத்தான் கவலை. கடிதம் கிடைத்தது. உடனே பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். ஒரே ஓட்டம்.

மதுஷாவை நினைக்காத நாளில்லை. எங்கள் கம்பெனிப் பெரிய ஐயாவும் அடிக்கடி விசாரிக்கிறார். "அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்யலாம் ஜெயரூபன்?" என்று போன கிழமைகூடக் கேட்டார். நல்ல மனிதர்.

மச்சானைப் பதுளை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இப்படி மனம் உடைந்து போகிறவர்களுக்கு அங்கே மருந்து இருக்கிறது என்று சுலோஜனா சொன்னாள். வெயில் காலம் வருகிறது, கொதித்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள். கரட், லீக்ஸ் நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெலிமடை லொறி வருகிற நாளில் மலிவாகக் கிடைக்குமே.

மற்றவை பிறகு.

அன்புடன்,
தம்பி ஜெயரூபன்

*

ஈச்சமலைத் தோட்டம்
04.06.2006

தம்பிக்கு,

உன் காகிதம் வந்தது. நீங்கள் நலமாக இருப்பது சந்தோஷம். எங்களுக்கு இருமல்கூட இல்லை. உடம்புக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கிறது.

இரண்டு தடவை வாசித்தேன். திருப்பியும் பார்த்தேன். நான் கேட்டதற்குப் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. கரட் சாப்பிடச் சொல்லியிருக்கிறாய். மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். "மாப்ள வேற ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நா கேட்டதாலதான்" என்றார். பார்த்தாயா, நீ எழுதாமல் விட்டதும் அவருக்கு ஒரு சாட்சி ஆகிவிட்டது.

அவர் காலையில் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். விடிந்ததும் பாலத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். காய்ந்த கல்லைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் இருப்பான்? துவைக்கப் போகிற பெண்கள் அவரைக் கண்டால் வேறு குட்டைக்குப் போகிறார்கள்.

உன் கம்பெனி போன கிழமை லயத்துக்கு வந்தது. பச்சைத் தொப்பியும், இலை படம் போட்ட பச்சைச் சட்டையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு இரண்டு பல்ப், கரண்ட் குறைவாக எரிக்குமாம். எங்கள் லயத்துக்குக் கரண்டே இல்லை. எங்கள் ஓடையில் எடுக்கிற கரண்ட் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் போகிறது. மூன்றாம் காம்பரா வீட்டுக் கமலாதேவி பல்பை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொறப்புல பல்பு, அடுத்த பொறப்புல கரண்டு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஓடையோரம் மரக்கன்று நட்டுப் படமும் பிடித்தார்கள். அவர்கள் போன பிறகு போய்ப் பார்த்தேன். கறுப்புப் பைகூடக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கியிருக்கிறார்கள். அது எப்படி வேர் விடும்?

வேன் வந்தது, அதற்காகத் திறந்தார்கள் என்று இரண்டு வரி எழுது. உன் பெயரைப் பொலிசுக்கோ தோட்டத் துரைக்கோ கொடுக்க மாட்டேன். எங்கள் காம்பரா வாசலைத் தாண்டாது.

உன் அக்கா

*

வத்தளை
20.07.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் எல்லோரின் நலனையும் அறிய விருப்பம். ஒரு நல்ல செய்தி. சுலோஜனா ஐந்து மாதம். டொக்டர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார். கடவுள் ஒன்றை எடுத்தாலும் ஒன்றைக் கொடுக்கிறார் அக்கா.

நீங்கள் கம்பெனி மேல் கோபமாக இருப்பது புரிகிறது. ஆனால் அவர்கள் செய்வது நாட்டுக்கு நல்ல வேலை. எண்ணெய் எரித்துக் கரண்ட் எடுத்தால் புகை வரும், அந்தப் புகையால் உலகமே சூடாகிறதாம். மழை பிந்துவதும் அதனால்தானாம். நம் ஓடையில் எடுக்கிற கரண்டில் புகையே இல்லை. அந்த இல்லாத புகைக்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் விலை கொடுக்கின்றன. அதைச் சரிபார்க்கத்தான் அந்த வெள்ளைக்கார அம்மா வந்து போகிறார். ஓடையில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், ஊர் மக்கள் சம்மதமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களின் சட்டம். இந்த முறை சரிவந்தால் எங்கள் பலருடைய வேலை நிரந்தரமாகும். பிள்ளையும் வரப்போகிறது.

இன்னொன்று. பவர்ஹவுஸ் வாசலில் மதுஷாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, கீழே அணையாமல் எரிகிற ஒரு லைட் வைக்கப் பெரிய ஐயா ஆசைப்படுகிறார். அடையாள அட்டைக்கு எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?

மச்சானுக்கு என் வணக்கம்.

ஜெயரூபன்

*

ஈச்சமலைத் தோட்டம்
28.07.2006

ஜெயரூபனுக்கு,

சுலோஜனாவுக்கு ஐந்து மாதம் என்று கேட்டுச் சந்தோஷம். பாரம் தூக்க விடாதே. புளிப்புக் கேட்டால் வாங்கிக் கொடு.

படம் தர மாட்டேன். அவள் உயிரோடு இருக்கும்போது மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக் கண் எரிந்தது. அப்போது எவனும் லைட் கொண்டு வரவில்லை. செத்த பிறகு, அவளைக் கொன்ற தண்ணீரில் எடுத்த லைட்டை அவள் முகத்துக்குக் கீழே வைப்பானா? இதை எழுத உனக்குக் கை கூசவில்லையா? மரியாதை என்று வேறு எழுதியிருக்கிறாய்.

இல்லாத புகைக்கு விலை கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் இப்போதும் ஈர விறகை ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த அம்மாவிடம் சொல், இங்கே புகை இருக்கிறது.

எந்நேரமும் தண்ணீர் விட வேண்டும் என்பது சட்டம் என்றால், அவர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் ஏன் விட்டீர்கள்? உன் காகிதத்தில் நீயே பாதி சொல்லிவிட்டாய். மீதியைச் சொல்லத்தான் உனக்கு நாக்கு வரவில்லை.

தம்பையா அண்ணனை வேலையால் நிறுத்திவிட்டார்கள். அதிகமாகப் பேசினாராம். வெலிமடையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது உன் மச்சானிடம் இன்னொரு தடவை சொன்னார். "கடவுள் சத்தியமா வீரய்யா, உன்னால இல்ல." அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. இனி அந்தச் சங்கதி தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

இராக்கம்மா

*

வத்தளை
30.08.2006

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இங்கே சோதனைச்சாவடிகள் கூடிவிட்டன. வேனோடு போனால் வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. அதுதான் எழுதவில்லை.

வருகிற மாதம் இருபத்தோராம் திகதி வெள்ளைக்கார அம்மா மறுபடியும் வருகிறார். பவர்ஹவுஸ் முற்றத்தில் கூடாரம் அடித்துக் கூட்டம். உங்களையும் நான்கைந்து பேரையும் பேசக் கேட்பார்கள். பதுளையிலிருந்து வருவதாக இருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லையாம். அந்த அம்மாவோடு பயணம் போய் எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வருவதால் என்னையே சொல்லச் சொல்லியிருக்கிறார் பெரிய ஐயா.

கட்டாயம் வாருங்கள் அக்கா. கூட்டம் முடிந்ததும் நான் வீட்டுக்கு வந்து மச்சானோடு ஆறுதலாகப் பேசுகிறேன். அதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை. நேரில் பார்த்தால் சரியாகிவிடும்.

உங்கள் தம்பி ஜெயரூபன்

*

ஈச்சமலைத் தோட்டம்
05.09.2006

தம்பிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வருகிறேன். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அந்த அம்மாவிடம் சொல். முடிந்ததும் சொன்னபடி மச்சானிடம் வா. உனக்குப் பிடிக்கும் என்று கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஈச்சமலைத் தோட்டம்
24.09.2006

ஜெயரூபன்,

சுலோஜனா சுகமாக இருக்க வேண்டும். உன் சுகத்தை இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

நடந்ததெல்லாம் உன் கண் முன்னால்தான் நடந்தது. ஆனாலும் எழுதுகிறேன். நீ பார்த்ததை நீ வெளியே சொல்ல மாட்டாய் என்பது இப்போது தெரிந்துவிட்டது. யாராவது ஒருத்தர் எழுதி வைக்க வேண்டாமா?

கூடாரம் முழுக்கப் பச்சைத் தொப்பி. எனக்கும் ஒன்று நீட்டினார்கள். மடியில் வைத்துக்கொண்டேன், போடவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மா சின்னப் பெண்தான், மதுஷாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு என்ன தெரியும்?

என்னை எழுப்பினார்கள். நான் சொன்னேன். "என் புள்ள பேரு மதுஷா. போன தடவ நீங்க வந்தப்ப, ஓடையில தண்ணி ஓடுறதா ஒங்களுக்குக் காட்டணும்னு மேல தொறந்து விட்டாங்க. கோயிலுக்காக இல்ல. அந்தத் தண்ணிதான் என் புள்ளயக் கொண்டு போச்சு. மத்த நாள்ல இந்த ஓடையில எறும்பு குடிக்கக்கூடத் தண்ணி கெடையாது." இவ்வளவும் அழாமல் சொன்னேன். அழுதால் உனக்கு மொழிபெயர்க்கச் சிரமமாக இருக்கும் என்று வீட்டிலேயே அழுது முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நீ இங்கிலீஷில் சொன்னாய். நான் சொன்னதில் கால்வாசிக்கும் குறைவு. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நெஞ்சில் கை வைத்து, தேங்க் யூ, தேங்க் யூ என்றாள். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். போட்டோ பிடித்தார்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் ஒரு பிள்ளை செத்த கதையைக் கேட்டு எந்த நாட்டுப் பொம்பளையும் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

"என்னடா சொன்ன?" என்றேன். "அப்புறம் பேசலாம்க்கா, உக்காருங்க" என்றாய். உன் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பை அறுத்துப் போடலாமா என்று இருந்தது. வாயில் கைத்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கினேன்.

அப்போதுதான் உன் மச்சான் வந்தார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. வழக்கம் போல விடியற்காலையிலிருந்து பாலத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். காய்ந்த ஓடையில் திடீரென்று இரைச்சல் கேட்டிருக்கிறது. எழுந்து ஒதுங்குவதற்குள் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. கல்லைப் பிடித்து ஏறி, அந்த ஈரத்தோடு மலை ஏறி வந்திருக்கிறார். செருப்பு இல்லை. காலில் ரத்தம். கூடார வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பிள்ளை போன பிறகு அவர் இவ்வளவு தூரம் நடந்ததே இல்லை.

"தண்ணி வந்துருக்குங்க" என்றார்.

"வாங்க வீரய்யா, வாங்க, உக்காருங்க" என்று உன் கம்பெனி ஆள் ஓடி வந்தான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னைக்கு யாருங்க கேட்டா?"

கூடாரத்துக்குள் இன்னும் ஓரடி வந்தார்.

"இன்னைக்குக் கரகமா? காப்புக் கட்டியிருக்கா? நா கேக்கலையே. இன்னைக்கு நா கேக்கலையேங்க!"

கூடாரத்தில் இருந்த பச்சைத் தொப்பிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. கமலாதேவி தன் தொப்பியைக் கழற்றினாள். பீலியடியில் அம்மா எடுத்துக்கிட்டா என்று பேசினவள் அவள்தான். அந்த வெள்ளைக்கார அம்மா உன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். இவர் என்ன சொல்கிறார் என்றுதான் கேட்டிருப்பாள். நீ வாயைத் திறந்தாய்.  கம்பெனி ஆள் உன்னை முந்திக்கொண்டு ஏதோ சொல்லி, விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். புத்தி சரியில்லை என்று. அதையும் நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

உன் மச்சான் உன்னைத்தான் பார்த்தார். "மாப்ள, அன்னைக்கும் நீதான வேன் ஓட்டிக்கிட்டு வந்த?"

"ஆமா மச்சான்" என்றாய்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் சித்திரையிலிருந்து நான் காகிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அதையும் நீயாகச் சொல்லவில்லை. ஓடை வந்து சொன்ன பிறகு ஆமா போட்டாய்.

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக்கூட அழாத மனிதர். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நா இல்ல இராக்கு" என்றார். "நீங்க இல்ல" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

எழுந்து பார்த்தபோது வேன் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னாயே. கருவாட்டைப் பூனைக்குப் போட்டேன்.

இராக்கம்மா

*

வத்தளை
10.12.2006

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நீங்கள் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். போன மாதக் கடைசியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை நல்ல நிறம், நெற்றி அப்படியே நம் அம்மாவின் நெற்றி.

கம்பெனிக்கு, புகையில்லாத கரண்டுக்கான அந்தப் பச்சைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. என் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. தை மாதம் மறுபடியும் அந்தப் பக்கம் பயணம் வரும் போலிருக்கிறது.

நானும் சுலோஜனாவும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பிள்ளைக்கு மதுஷா என்று பெயர் வைக்கலாம் என்று இருக்கிறோம். உங்களுக்கும் மனம் ஆறும். பெயர் வைக்கிற அன்றைக்கு நீங்களும் மச்சானும் வந்து நீங்களே பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும்.

பனி காலம், மச்சானைச் சுவெட்டர் போடச் சொல்லுங்கள்.

ஜெயரூபன்

*

ஈச்சமலைத் தோட்டம்
20.12.2006

ஜெயரூபனுக்கு,

பிள்ளை பிறந்தது நல்ல செய்தி. சுலோஜனாவுக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். பிள்ளைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அது என்ன பாவம் செய்தது?

அந்தப் பெயரை வைக்காதே. நாளைக்கு நீ அதட்டும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே அதட்டுவாய். உன் வாயில் அந்தப் பெயர் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் எத்தனையோ பெயர் இருக்கிறது, ஒன்றைத் தேடு. பெயர் வைக்க நாங்கள் வரவில்லை.

உன் மச்சான் வேலைக்குப் போகிறார். சாப்பிடுகிறார். கோயில் தலைவராக மறுபடியும் இருக்கச் சொல்லி லயத்து ஆட்கள் வந்து கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "கேட்டுக் கேட்டுத்தான தண்ணி வாங்கணும் இப்ப, எனக்கு இனிமே கேக்க வாய் வராது" என்றார். பிள்ளையை நினைத்து இரண்டு பேரும் இப்போது சேர்ந்து அழுகிறோம். முன்பு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஓடை காய்ந்துதான் கிடக்கிறது. பச்சைச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. மரக்கன்று எல்லாம் பையோடு செத்துவிட்டது.

தையில் வருவதாக எழுதியிருக்கிறாய். ஒன்று சொல்லி வைக்கிறேன். மேல்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு வளைவில் வருகிற வாகனம் நன்றாகத் தெரியும். உன் வேனைக் கண்டால் எல்லாரும் ஒன்றாகக் கூப்பாடு போடுவார்கள். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். நீ பயந்து பிரேக் போடாதே, கையும் ஆட்டாதே. உன்னைக் கூப்பிடுவதில்லை அது. கீழே குட்டையில் துவைக்கிறவர்கள் மேலே ஏறிவிடுவதற்கு.

இராக்கம்மா